மிளகு மணக்காத நாட்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் பலருக்கு மூக்கே முதலீடு. கோவிட் கைவைத்ததும் அதில்தான். பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்ற பிறகும் முடியாத ஒரு நோயின் கதை.

மட்டாஞ்சேரி கடைவீதி கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கில் பட்டுவிடும். படகுத்துறையில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் சுக்கின் காரம். யூதத் தெருவை நெருங்கினால் ஏலக்காய். பழைய பண்டகசாலைகளின் திறந்த கதவுகளிலிருந்து மிளகும் கிராம்பும் சாதிக்காயும் கலந்த நெடி. ஐந்நூறு ஆண்டுகளாகக் கப்பல்களை இந்தக் கரைக்கு இழுத்து வந்தது இந்த நெடிதான். போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள், யூதர்கள், தமிழர்கள் என்று சில சதுர கிலோமீட்டருக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் குடியேறின.

2020ல் விமானத்தில் வந்திறங்கிய புதிய விருந்தாளிக்கு மட்டும் எந்த நெடியும் இல்லை. போதாக்குறைக்கு, புகுந்த வீட்டில் இருப்பவர்களின் நெடியறியும் சக்தியையே அது பிடுங்கிக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த ஆண்டு மார்ச் 28. கேரளத்தின் முதல் கோவிட் மரணம் அன்று பதிவானது. இறந்தவர் மட்டாஞ்சேரியைச் சேர்ந்த 69 வயது முதியவர். மார்ச் 16ம் தேதி துபாயிலிருந்து திரும்பியவர். ஆறு நாட்களில் நிமோனியா அறிகுறிகளுடன் களமசேரியிலுள்ள எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அடுத்த ஆறு நாட்களில் எல்லாம் முடிந்துவிட்டது. ஏற்கெனவே இதய நோய், ரத்த அழுத்தம். அவரது மனைவிக்கும், விமான நிலையத்திலிருந்து அவர்களை அழைத்து வந்த டாக்சி ஓட்டுனருக்கும் தொற்று இருந்தது. இறுதிச் சடங்கில் நிற்க அனுமதிக்கப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு சாவு விழுந்தால் தெருவே திரண்டு போகும் ஊரில் அன்று கதவுகள் சாத்தியே இருந்தன.

நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கி அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது. நோய் என்றால் சாவு என்ற கணக்கு மக்கள் மனதில் பதிய அந்த ஒரு மரணம் போதுமானதாக இருந்தது.

ஆனால் அதே களமசேரி மருத்துவமனையின் அதே பிரிவில் இன்னொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. மூணாறுக்குச் சுற்றுலா வந்திருந்த 57 வயது பிரிட்டிஷ் பயணி ஒருவர், மார்ச் 15ம் தேதி நெடும்பாசேரி விமான நிலையத்தில் துபாய் விமானத்திலிருந்து இறக்கப்பட்டார். அவருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. நிமோனியா முற்றி நிலைமை மோசமானது. எய்ட்ஸ் நோய்க்குத் தரப்படும் லோபினவிர், ரிடோனவிர் மருந்துகளை டாக்டர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அவர் பிழைத்தார். ஏப்ரல் நடுவில் சிறப்பு விமானத்தில் ஊர் போய்ச் சேர்ந்தார். மருந்துதான் காப்பாற்றியது என்று கேரளமே நம்பியது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில், அந்தப் பயணியின் சொந்த நாட்டில் நடந்த ‘ரெக்கவரி’ என்ற பெரிய மருந்துச் சோதனை, மருத்துவமனையில் சேர்க்கப்படும் கோவிட் நோயாளிகளுக்கு இந்த மருந்துகளால் பலனில்லை என்று அறிவித்தது. அதே சோதனைதான், டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்பதையும் அந்த மாதமே கண்டுபிடித்தது. களமசேரியில் அந்தப் பயணியைத் தேற்றியதில் பெரும் பங்கு ஆக்சிஜனுக்கும், இரவும் பகலும் பக்கத்தில் நின்ற கவனிப்புக்கும் இருந்திருக்க வேண்டும்.

கவனிப்பு என்ன செய்யும் என்பதற்குக் கோட்டயம் மருத்துவக் கல்லூரி இன்னொரு சாட்சி. பத்தனம்திட்டை மாவட்டம் ரான்னியைச் சேர்ந்த ஒரு தம்பதி. அவருக்கு 93 வயது, மனைவிக்கு 88. இத்தாலியிலிருந்து வந்த மகன் குடும்பத்திடமிருந்து தொற்றியது. பெரியவருக்கு ஒரு கட்டத்தில் வென்டிலேட்டர் தேவைப்பட்டது. தனித்தனி அறையில் வைத்தபோது இருவரும் தவித்துப் போனார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்படி இடம் மாற்றப்பட்டார்கள். 2020 ஏப்ரல் 3ம் தேதி இருவரும் வீடு திரும்பினார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்ட நர்சுக்கும் நோய் தொற்றி, அவரும் தேறினார். மறுபடியும் அதே வார்டில் வேலை செய்யத் தயார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தச் செய்திகளையெல்லாம் கேரளம் தினமும் மாலை ஆறு மணிக்கு, முதலமைச்சர் பினராயி விஜயனின் பத்திரிகையாளர் சந்திப்பில் எண்களாகக் கேட்டது. இன்று இத்தனை பேருக்கு ‘பாசிட்டிவ்’. இத்தனை பேருக்கு ‘நெகட்டிவ்’. அகராதியில் நல்ல அர்த்தம் உள்ள சொல் கெட்ட சொல்லாகி, கெட்ட சொல் வரமாகிவிட்டது. நெகட்டிவ் என்றால் விடுதலை. லேசான நோய் கண்டவர்களை மறுபரிசோதனை இல்லாமலே பத்து நாளில் அனுப்பலாம் என்று மத்திய அரசு 2020 மே 8ம் தேதி சொன்னது. கேரளமோ அதற்குப் பிறகும் நெடுநாள் வரை நெகட்டிவ் வந்தால்தான் வீடு என்று பிடிவாதமாக இருந்தது.

ஆனால் வீடு என்பது எது? தொற்று உள்ளவர் வீட்டிலேயே தனித்திருக்க வேண்டுமென்றால் தனியறையும், அதை ஒட்டிய கழிப்பறையும் வேண்டும் என்றது விதி. மட்டாஞ்சேரியின் ஓட்டுக் கூரை வரிசை வீடுகளில் ஒரே அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்குகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கலையும். கொழும்பிலும் துபாயிலும் உறவு வைத்திருக்கும் ஊருக்கு, பக்கத்து அறைக்குள் தனித்திருக்க இடமில்லை. 2020 நடுவில் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் முதல்நிலை சிகிச்சை மையங்கள் திறக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பலருக்கு வாழ்க்கையிலேயே தனிக்கட்டிலும் தலைமாட்டில் மின்விசிறியும் கிடைத்தது அங்கேதான். கூடவே, எப்போதும் யாராவது பக்கத்தில் இருந்து பழகியவர்களுக்கு, முகம் தெரியாத மூடிய உடையில் வந்து போகிறவர்கள் மட்டுமே துணை என்ற நிலையும்.

தெருவைத் தட்டியடைத்தபோது வருமானமும் அடைபட்டது. பக்கத்திலேயே, ஃபோர்ட் கொச்சியின் வெலி பகுதியில் தமிழ் வண்ணார் சமூகத்தின் தோபி கானா இருக்கிறது. வெள்ளைக்கார சிப்பாய்களின் உடுப்புகளை வெளுக்க மதராஸ் மாகாணத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் அங்கே இன்றும் துவைக்கிறார்கள். கொச்சி பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1976ல் கட்டிக்கொடுத்த துவைக்கும் தொட்டிகள். அவர்களுடைய பிழைப்பில் பெரும் பங்கு ஓட்டல்களின் விரிப்புகளிலும் மருத்துவமனைத் துணிகளிலும் இருக்கிறது. சுற்றுலா படுத்ததும் ஓட்டல் துணி நின்றது. சுற்றுலாக்காரர்களை வரவழைக்கும் கொச்சி பினாலே கலைக் கண்காட்சிகூட 2020லிருந்து தள்ளிப்போய் 2022 டிசம்பரில்தான் நடந்தது.

தெற்கே, செல்லானம் மீனவ கிராமத்தில் நிலைமை இன்னும் மோசம். 2020 ஜூலையில் தொற்று பரவி கிராமத்தையே அடைத்தார்கள். அதே நேரம் கடல் கரையை உடைத்துக்கொண்டு வீடுகளுக்குள் புகுந்தது. நோய்க்கு வீட்டுக்குள் இரு என்கிறது அரசு; வீட்டை விட்டு வெளியே போ என்கிறது கடல். ஆகஸ்டில் அவர்களுக்காகச் சோற்றுப் பொட்டலங்கள் திரட்டப்பட்டன. பக்கத்து ஊரான கும்பளங்கியில், ஊரடங்கில் சமையல் வேலையை இழந்திருந்த ஒரு பெண், தன் பொட்டலத்துக்குள் நனையாமல் பிளாஸ்டிக்கில் சுற்றிய நூறு ரூபாய் நோட்டு ஒன்றையும் வைத்து அனுப்பினார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த கண்ணமாலி போலீசார் சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது. எண்கள் சொல்லாத கணக்கு இது.

எண்களுக்குள் அடங்காத இன்னொன்றும் உண்டு. அது மூக்கின் கணக்கு.

நோய் பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சலாகத்தான் தொடங்கும். உடல்வலி, தொண்டைக் கரகரப்பு, அசதி. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மூக்கில் அடைப்பே இல்லாதபோதும் காபி வெந்நீராகிவிடும். சோப்பு வெறும் கட்டி. மீன்குழம்பில் குடம்புளியின் புளிப்பும் மிளகாயின் எரிச்சலும் நாக்குக்கு எட்டும். மீன் இருக்கிறதா என்பது மட்டும் தெரியாது. நாம் ருசி என்று நினைப்பதில் பெரும் பகுதி நாக்கில் இல்லை, மூக்கில் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பலர் தெரிந்துகொண்டார்கள்.

பிரிட்டனின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2020 மார்ச் மாதமே இந்த அறிகுறியைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள். இந்தியாவின் மத்திய சுகாதார அமைச்சகம் வாசனை அல்லது சுவை இழப்பைக் கோவிட் அறிகுறிகளின் பட்டியலில் சேர்த்தது ஜூன் 13ம் தேதி. அதுவரை, தனக்கு எதுவும் மணக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், சளி என்றுதான் பதில் வந்திருக்கும்.

மூக்கில் நடப்பது என்ன? மணத்தை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பணுக்களை வைரஸ் நேரடியாகக் கொல்கிறது என்று முதலில் பயந்தார்கள். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் சந்தீப் ராபர்ட் தத்தா குழுவினர் 2020 ஜூலையில் வேறு விடை சொன்னார்கள். வைரஸ் உள்ளே நுழையப் பயன்படுத்தும் வாசல், நரம்பணுக்களில் இல்லை. அவற்றைச் சுற்றி நின்று தாங்கிப் பிடிக்கும் துணை அணுக்களில்தான் இருக்கிறது. பந்தல்கால் சாய்ந்தால் கொடியும் சரிவது போல, துணை அணுக்கள் சிதைந்ததும் நரம்பு வேலையை நிறுத்துகிறது. நல்ல சேதி என்னவென்றால், மூக்கின் இந்த அணுக்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைக்கக்கூடியவை.

எத்தனை பேருக்கு, எத்தனை நாளில்? பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ 2022 ஜூலையில் வெளியிட்ட கட்டுரை கணக்குத் தருகிறது. வாசனையை இழந்தவர்களில் 74 சதவிகிதம் பேருக்கு 30 நாட்களில் திரும்பிவிடுகிறது. 90 நாட்களில் 90 சதவிகிதம். ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட 96 சதவிகிதம். பெண்களுக்குத் திரும்பும் வாய்ப்பு சற்றுக் குறைவு. சுமார் 5 சதவிகிதம் பேருக்குக் கோளாறு நீடித்துவிடலாம் என்கிறது கட்டுரை.

ஐந்து சதவிகிதம் கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் கேரளத்தில் அரசுக் கணக்கின்படியே 68 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. 2021 மே 12ம் தேதி ஒரே நாளில் மட்டும் 43,529 பேர். எல்லோருக்கும் வாசனை போகவில்லை. 2022ல் வந்த ஓமிக்ரான் இந்த விஷயத்தில் சற்றுக் கருணை காட்டியது. அப்படியே வைத்துக்கொண்டாலும், மணமில்லாத சோற்றைச் சாப்பிட்டபடி நெகட்டிவ் பட்டியலில் இடம்பிடித்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

மற்ற ஊரில் இது துன்பம். மட்டாஞ்சேரியில் தொழில் நஷ்டம். மிளகில் பூஞ்சை பிடித்திருக்கிறதா, ஏலக்காய் பழசா, சுக்கு சரியாகக் காய்ந்ததா என்பதை இயந்திரத்துக்கு முன்னால் மூக்குதான் சொல்கிறது. எதிரே, வாய்க்காலைத் தாண்டினால் வில்லிங்டன் தீவு. 1947லிருந்து கொச்சியின் தேயிலை ஏலம் நடந்துவரும் இடம். தேயிலையை உறிஞ்சிப் பார்த்துத் தரம் சொல்கிறவர்களின் மொத்தத் திறமையும் மூக்கிலும் நாக்கிலும்தான் இருக்கிறது. சமையல்காரர், மீன் வாங்கி விற்பவர், அத்தர் கடைக்காரர் என்று பட்டியல் நீளும். மூக்கு வேலை செய்யவில்லை என்று இவர்களில் யார் வெளியே சொல்வார்? சொன்னால் சரக்கை நம்பி யார் கொடுப்பார்?

சட்டத்திலும் இதற்கு இடமில்லை. 2016ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்வை உண்டு, செவி உண்டு, பேச்சு உண்டு. மூக்கு இல்லை. கேஸ் கசிவது தெரியாமல், பால் திரிந்தது தெரியாமல், அடுப்பில் சோறு தீய்வது தெரியாமல் வாழ்வது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று அந்தப் பட்டியல் யோசிக்கவில்லை.

போன மணம் திரும்பும்போதும் நேர்வழியில் வருவதில்லை. சிலருக்குக் காபி, கருகிய ரப்பராக நாறும். வதங்கும் வெங்காயமும் பூண்டும் குமட்டும். காபியில் உள்ள சில கந்தக மூலக்கூறுகளே இந்தத் திரிபைத் தூண்டுகின்றன என்று பிரிட்டனின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022ல் கண்டறிந்தார்கள். வீட்டில் மற்றவர்கள் ரசித்துச் சாப்பிடும்போது ஒருவர் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார். கைப்பக்குவம் கெட்டுவிட்டதோ என்று சமைத்தவர் கலங்குவார். இது நோய் முற்றுவதன் அடையாளமல்ல, அநேகமாக நரம்பு மறுபடி முளைத்து வழி தேடுவதன் அடையாளம் என்று சொல்ல ஆளிருந்தால் பாதி பயம் போய்விடும்.

சிகிச்சை? ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் டாக்டர் தாமஸ் ஹம்மல் குழுவினர், கோவிட் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 2009ல், ஒரு எளிய முறையை வெளியிட்டிருந்தார்கள். நான்கு வாசனைகள். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, ஒவ்வொன்றையும் சில விநாடிகள் கவனத்தோடு முகர வேண்டும். மணக்கவில்லை என்றாலும், அந்த மணம் எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவர முயல வேண்டும். குறைந்தது 12 வாரம். உடைந்த காலை நடக்கப் பழக்குவது போல மூக்குக்கு ஒரு நடைப் பயிற்சி. எல்லோருக்கும் பலிக்கும் என்று உத்தரவாதமில்லை. ஆனால் செலவு குறைவு, பக்கவிளைவு அநேகமாக இல்லை. கோவிட்டுக்குப் பிறகு உலகெங்கும் டாக்டர்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

அந்த நான்கு வாசனைகள் எவை? ரோஜா, எலுமிச்சை, யூகலிப்டஸ், கிராம்பு.

மட்டாஞ்சேரிக்காரருக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். கிராம்பு மூட்டை மூட்டையாக இதே வீதியில் கைமாறுகிறது. நல்ல ரகம் கன்னியாகுமரி மலைத் தோட்டங்களிலிருந்தும் வருகிறது. எலுமிச்சை மணத்துக்கு இருக்கவே இருக்கிறது புல்தைலம். எலுமிச்சைப் புல்லிலிருந்து வடிக்கும் இந்த எண்ணெய் கொச்சித் துறைமுகம் வழியாகவே உலகுக்குப் போனதால், வெளிநாட்டு வியாபாரிகள் அதற்கு ‘கொச்சின் ஆயில்’ என்றே பெயர் வைத்தார்கள். அதற்காகவே 1951ல் இதே எர்ணாகுளம் மாவட்டத்தின் ஓடக்காலியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. யூகலிப்டஸ், ஊட்டியிலிருந்து வரும் நீலகிரித் தைலம். ரோஜாவுக்கு யூதத் தெருவின் அத்தர் கடைகள். டிரெஸ்டன் டாக்டரின் மருந்துச் சீட்டு ஏதோ மட்டாஞ்சேரிக் கடைவீதியில் நடந்தபடி எழுதியது போல இருக்கிறது.

மருந்து கடையில் இருக்கிறது. அதை வாங்கிக்கொள் என்று சொல்கிறவர்தான் பலருக்கு வாய்க்கவில்லை. கோவிட்டுக்குப் பிந்தைய உபாதைகளுக்காகக் கேரள அரசு 2020ன் பிற்பகுதியிலிருந்தே ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை தனி கிளினிக்குகள் நடத்தியது. இந்த விஷயத்தில் அது மற்ற பல மாநிலங்களுக்கு முன்னால் இருந்தது. ஆனால் மூச்சுத் திணறலோடும் நெஞ்சு வலியோடும் வருகிறவர்கள் வரிசையில் நிற்கும்போது, எனக்குக் கிராம்பு மணக்கவில்லை என்று சொல்ல ஒருவருக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். பிழைத்ததே பெரிது, மூக்குக்கு என்ன அவசரம் என்று வீட்டிலேயே சொல்வார்கள்.

தொற்று கண்டு மூன்று மாதம் கழித்தும் உபாதைகள் இருந்து, அவை குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு காரணமும் இல்லையென்றால் அது கோவிட்டுக்குப் பிந்தைய நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. அசதி, மூச்சிரைப்பு, மறதி ஆகியவை அதில் முன்வரிசை. நோயாளிகளே ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, ‘லாங் கோவிட்’ என்று தாங்களே பெயர் சூட்டி, கடைசியில் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நோய் இது. சொல்லாமலிருந்தால் பெயரே கிடைத்திருக்காது. மூக்கை இழந்தவர்களுக்கும் பொருந்தும் பாடம் அதுதான்.

2023 மே 5ம் தேதி, உலக சுகாதார நிறுவனம் கோவிட் அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. மாலை ஆறு மணிப் பட்டியல் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. கேரளத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கணக்கின் முதல் வரியை எழுதிய மட்டாஞ்சேரியில் படகுகள் மறுபடி ஓடுகின்றன, யூதத் தெருவில் வெள்ளைக்காரர்கள் பேரம் பேசுகிறார்கள், வெலியில் ஓட்டல் விரிப்புகள் கொடியில் காய்கின்றன. மூக்கு இன்னும் முழுதாகத் திரும்பாதவர்களும் இதே கூட்டத்தில் நடமாடுகிறார்கள். அவர்களை அடையாளம் காட்ட எந்தப் பரிசோதனைச் சீட்டும் இல்லை.

கடைவீதியில் மூட்டையைப் பிரித்ததும் வாங்க வந்தவர் செய்யும் முதல் காரியம் மாறவில்லை. ஒரு பிடி மிளகை அள்ளி உள்ளங்கையில் தேய்த்து மூக்குக்குக் கொண்டுபோகிறார். விலை பேசுவது அதற்குப் பிறகுதான்.